எலிக்கு ஞாபகம் திரும்பிருச்சுன்னா என்ன அர்த்தம்? தாவர ஆன்டிஆக்ஸிடன்டும் அல்சைமர் ஆய்வுகளும்

‘அல்சைமர் இருக்கற எலிக்கு ஒரு செடியோட சாறு குடுத்தாங்க, ஞாபக சக்தி திரும்பிருச்சு’ங்கற மாதிரி தலைப்பு அடிக்கடி கண்ணுல படும். மஞ்சள், கிரீன் டீ, திராட்சைத் தோல், மாதுளை, வல்லாரை, நீர்ப்பிரம்மினு செடி மட்டும்தான் மாறும், கதை மாறாது. இதெல்லாம் பொய்யான்னு கேட்டா இல்ல, பெரும்பாலும் அவங்க ஆய்வகத்துல பார்த்ததைத்தான் எழுதியிருப்பாங்க. ஆனா அந்த எலிக்கு அல்சைமர் எப்படி வந்துச்சு, அதோட ஞாபகத்தை எப்படி அளந்தாங்க, சாறை எப்போ குடுத்தாங்க, இது மூணும் தெரியாம அந்தத் தலைப்பை வச்சு எதுவும் முடிவு பண்ண முடியாது. அதுலயும் ‘எப்போ’ங்கறதைத்தான் நான் முதல்ல தேடுவேன், ஏன்னு போகப்போக சொல்றேன்.

முதல்ல நோயைப் பத்தி கொஞ்சம். 1906ல ஜெர்மனியில அலோயிஸ் அல்சைமர்ங்கற டாக்டர், ஞாபகம் குழம்பிப்போய் இறந்த ஒரு பெண்ணோட மூளையை வெட்டி மைக்ராஸ்கோப்ல பார்த்து ரெண்டு விஷயத்தை சொன்னார். ஒண்ணு, நரம்பு செல்லுக்கு வெளியில திட்டுத்திட்டா படிஞ்சிருக்கற கசடு, அமிலாய்ட்ங்கற புரதத் துண்டுக சேர்ந்தது, இதை இப்போ அமிலாய்ட் பிளாக்னு சொல்றோம். இன்னொண்ணு, செல்லுக்குள்ள நூல் சிக்கு மாதிரி இருந்தது, அது டௌங்கற புரதம் முறுக்கிக்கிட்டது. இன்னைக்கும் இந்த ரெண்டும்தான் அல்சைமரோட அடையாளம். ஆரம்பத்துலயே அடிவாங்கற இடங்கள்ல ஹிப்போகேம்பஸ் ஒண்ணு, புது விஷயத்தைப் பதிவு பண்ணி வைக்கற பகுதி அது, அதனாலதான் பழைய கதையெல்லாம் சரியா சொல்றவங்க காலையில சாப்பிட்டதை மறந்துடறாங்க.

இதுல ஆன்டிஆக்ஸிடன்ட், அதாவது ஆக்ஸிஜனால வர்ற சேதத்தைத் தடுக்கற பொருள், எங்கேர்ந்து வந்துச்சு? நம்ம உடம்பு எடையில மூளை சுமார் 2 சதவீதம்தான், ஆனா ஓய்வா இருக்கும்போது உடம்பு செலவு பண்ற ஆக்ஸிஜன்ல சுமார் 20 சதவீதத்தை அதுவே எடுத்துக்குது. ஆக்ஸிஜனை வச்சு செல் எனர்ஜி தயாரிக்கும்போது கொஞ்சம் சூப்பர்ஆக்ஸைடு, ஹைட்ரஜன் பெராக்ஸைடுனு முரட்டு மூலக்கூறுகள் வெளிய கசியும், பக்கத்துல இரும்பு அயனி இருந்தா அந்தப் பெராக்ஸைடு உடைஞ்சு ஹைட்ராக்ஸில் ராடிக்கல் ஆயிடும், அதுதான் இருக்கறதுலயே மோசம், எது பக்கத்துல இருக்கோ அதுகிட்டேர்ந்து எலக்ட்ரானைப் பிடுங்கிடும். மூளைல பக்கத்துல என்ன இருக்குன்னா கொழுப்பு, அதுவும் சீக்கிரம் ஆக்ஸிடைஸ் ஆகற வகைக் கொழுப்பு, நரம்பு செல்லோட சவ்வு முழுக்க அதுதான். உடம்புல இதுக்குன்னு சூப்பர்ஆக்ஸைடு டிஸ்மியூட்டேஸ், கேட்டலேஸ், குளூட்டாதயோன்னு காவல்காரங்க இருக்காங்க, ஆனா கேட்டலேஸ் மாதிரி சிலது கல்லீரலோட ஒப்பிட்டா மூளையில ரொம்பக் கம்மி. காவலை மீறி சேதம் கூடிப்போற நிலைமையைத்தான் ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்னு சொல்றாங்க. இந்த ஸ்ட்ரெஸுக்கும் மனசுல வர்ற ஸ்ட்ரெஸுக்கும் சம்பந்தமில்ல, நிறைய பேர் ரெண்டையும் குழப்பிக்கறாங்க.

அல்சைமர்ல இறந்தவங்க மூளையில இந்தச் சேதத்தோட தடயம் நிறைய கிடைச்சிருக்கு. இதுக்கு உடனே ஒரு எதிர்க்கேள்வி வரும்: நரம்பு செத்துப்போனா எப்படியும் சேதம் இருக்கத்தானே செய்யும், இது காரணமா விளைவா? இந்த இடத்துல எலி ஆய்வுகள் நிஜமாவே உதவி பண்ணுச்சு. 2001ல வந்த ஒரு ஆய்வுல டிஜி2576ங்கற மரபணு மாத்தின சுண்டெலியை வளர விட்டு வெவ்வேறு வயசுல பார்த்தாங்க, கொழுப்பு ஆக்ஸிடைஸ் ஆகற அடையாளம் அதோட மூளையில பிளாக் படியறதுக்கு முன்னாடியே கூடியிருந்துச்சு. அப்போ ஆக்ஸிடேட்டிவ் சேதம் கடைசியில வர்ற குப்பை மட்டும் இல்ல, ஆரம்பத்துலயே இருக்கு. இந்த ஒரு கண்டுபிடிப்பு இருக்கறதால ஆன்டிஆக்ஸிடன்ட் குடுத்துப் பார்ப்போம்ங்கறது மடத்தனமான யோசனை கிடையாது, நியாயமான யோசனைதான்.

செடிகள்ல இருக்கற ஆன்டிஆக்ஸிடன்ட்னா பெரும்பாலும் பாலிஃபீனால் குடும்பம். மஞ்சள்ல குர்க்குமின், கிரீன் டீயில ஈஜிசிஜி, திராட்சைத் தோல்ல ரெஸ்வெரட்ரால், வெங்காயத்துல குவெர்செடின், புளூபெர்ரி மாதிரி நீல ஊதா பழங்கள்ல ஆந்தோசயனின். இதுக போய் ராடிக்கலை நேரா பிடிச்சு அடக்கும்னுதான் ரொம்ப நாளா நினைச்சுட்டு இருந்தாங்க. டெஸ்ட் டியூப்ல அப்படித்தான் நடக்கும், டிபிபிஎச்னு ஒரு ஊதா கலர் ராடிக்கல் கரைசல்ல சாறை ஊத்தினா கலர் வெளுத்துப் போகும், எவ்வளவு வெளுக்குதோ அவ்வளவு நல்ல ஆன்டிஆக்ஸிடன்ட். ஆனா மூளைக்குள்ள இந்த மூலக்கூறுகள் போய்ச் சேர்ற அளவு ரொம்பச் சொற்பம், அவ்வளவு கொஞ்சத்தை வச்சு ராடிக்கலை ஒவ்வொண்ணா பிடிச்சுட்டு இருக்க முடியாது. அதனால இப்போ நிறைய பேர் சொல்றது என்னன்னா, இதுக செல்லை லேசா சீண்டி விடுது, செல்லுக்குள்ள என்ஆர்எஃப்2ன்னு ஒரு ஸ்விட்ச் புரதம் இருக்கு, அது முழிச்சுக்கிட்டு உடம்போட சொந்தக் காவல் என்சைம்களை அதிகமா தயாரிக்க வைக்குதுன்னு. டெஸ்ட் டியூப் மார்க்கை வச்சு உணவுகளை ரேங்க் போட்ட ஓராக் பட்டியலை அமெரிக்க விவசாயத்துறை 2012லயே தன்னோட சைட்லேர்ந்து எடுத்துருச்சு, அந்த மார்க்குக்கும் உடம்புல நடக்கறதுக்கும் நேரடி தொடர்பு இல்லைன்னு. இன்னும் பாக்கெட் மேல ‘ஓராக் வேல்யூ’னு போட்டு விக்கறாங்கன்னா அது அவங்க வியாபாரம்.

இப்போ எலிக்கு வருவோம். எலிக்கோ சுண்டெலிக்கோ தானா அல்சைமர் வராது. சுண்டெலி வாழறதே ரெண்டு மூணு வருஷம், அதோட அமிலாய்ட் துண்டுல மூணு அமினோ அமிலம் நம்மளோடதுலேர்ந்து வேற, அவ்வளவு சுலபத்துல ஒட்டிக்காது. அதனால ‘அல்சைமர் எலி’னு எங்க படிச்சாலும் யாரோ அதுக்கு ஏதோ பண்ணியிருக்காங்கன்னு அர்த்தம். என்ன பண்ணாங்கங்கறதுலதான் பாதி விஷயம் இருக்கு.

ரொம்ப சீப்பான, சீக்கிரம் முடியற வழி ஸ்கோபோலமைன் ஊசி. ஞாபகத்துக்கு முக்கியமான அசிடைல்கோலின்ங்கற கெமிக்கல் வந்து உக்கார்ற இடத்தை இது போய் அடைச்சுக்கும், ஊசி போட்ட அரை மணி நேரத்துல எலி மக்கு ஆயிடும், சில மணி நேரத்துல மருந்து இறங்கினதும் பழையபடி ஆயிடும். பிளாக் இல்ல, டௌ சிக்கு இல்ல, நரம்பு சாவு இல்ல. போனை ஏர்ப்ளேன் மோட்ல போட்டா சிக்னல் வராது, அதுக்காக போன் ரிப்பேர்னு சொல்ல மாட்டோம்ல, அந்த மாதிரி. இதுல இன்னொரு சிக்கலும் இருக்கு. நிறைய தாவரச் சாறுகளுக்கு அசிடைல்கோலினை உடைக்கற என்சைமை லேசா தடுக்கற குணம் உண்டு, அப்படித் தடுத்தாலே அசிடைல்கோலின் கூடும், ஸ்கோபோலமைனோட அடைப்பு கொஞ்சம் விலகும், எலி தேறிடும். அதுக்கும் ஆன்டிஆக்ஸிடன்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லாம இருக்கலாம், ஆனா கட்டுரை தலைப்புல ஆன்டிஆக்ஸிடன்ட்னுதான் இருக்கும்.

அடுத்த வகை, மூளையை நிஜமாவே சேதப்படுத்தறது. ஸ்ட்ரெப்டோசோடோசின்னு ஒரு மருந்து, உடம்புல போட்டா கணையத்தோட இன்சுலின் செல்களை அழிச்சு சர்க்கரை நோய் வரவைக்கும், அதையே ரொம்பக் கம்மி அளவுல எலியோட மண்டையில சின்ன துளை போட்டு மூளைக்குள்ள இருக்கற நீர் அறையில விட்டா அங்க இன்சுலின் சிக்னல் கெட்டுப்போய் ஆக்ஸிடேட்டிவ் சேதம் ஏறி சில வாரத்துல மறதி வரும். அலுமினியம் குளோரைடை வாரக்கணக்கா குடுக்கறது, டி-காலக்டோஸ்ங்கற சர்க்கரையை தினம் ஊசி போடறது, இதெல்லாமும் இந்த ரகம்தான். கவனிச்சீங்கன்னா இந்த முறைகள் எல்லாமே பெருமளவு ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸ் மூலமா வேலை செய்யறவை. ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்ஸால ஒரு எலியைக் கெடுத்துட்டு அதுக்கு ஆன்டிஆக்ஸிடன்ட் குடுத்தா தேறுதுன்னு காட்டறது பெரிய ஆச்சரியம் இல்ல, தேறலைன்னாதான் ஆச்சரியம்! நிஜ நோயில ஆக்ஸிடேட்டிவ் சேதம் பல காரணங்கள்ல ஒண்ணு, இங்க அதுவே கிட்டத்தட்ட முழு நோய்.

இதைவிட ஒரு படி மேல, அமிலாய்ட் துண்டையே ஊசியில எடுத்து ஹிப்போகேம்பஸ்ல இறக்கறது. அந்தப் புரதத்தை முதல்ல 37 டிகிரியில சில நாள் வச்சு ஒண்ணோட ஒண்ணு ஒட்ட வைப்பாங்க, அப்பறம்தான் ஊசி. நோயோட நிஜமான குற்றவாளி உள்ள போகுதுங்கறது நல்ல விஷயம், ஆனா மனுஷனுக்கு வருஷக்கணக்கா சேர்றது எலிக்கு ஒரே நாள்ல வந்து இறங்குது.

கடைசியா மரபணு மாத்தின சுண்டெலிகள். பரம்பரையா இளவயசுலயே அல்சைமர் வர்ற குடும்பங்கள்ல கண்டுபிடிச்ச மரபணு பிழைகளை சுண்டெலிக்குள்ள வச்சு உருவாக்கினது. 1996ல வந்த டிஜி2576க்கு பிளாக் வர கிட்டத்தட்ட ஒரு வருஷம் ஆகும், 2006ல வந்த 5எக்ஸ்எஃப்ஏடிக்கு அஞ்சு பிழையை ஒண்ணா வச்சதால ரெண்டு மாசத்துலயே வந்துரும். இருக்கறதுல நோய்க்குக் கொஞ்சம் கிட்ட வர்றது இதுகதான். ஆனா இப்படி பரம்பரைப் பிழையால அல்சைமர் வர்றவங்க மொத்த நோயாளிகள்ல ரொம்ப ரொம்ப சின்ன பங்கு. டௌ சிக்கும் வேணும்னு 2003ல 3எக்ஸ்டிஜினு ஒரு வகை பண்ணினாங்க, அதுல வச்ச டௌ பிழை அல்சைமர்ல காணப்படறதே இல்ல, வேற ஒரு டிமென்ஷியாவோடது (டிமென்ஷியான்னா மறதி நோய்களோட பொதுப் பேரு). எல்லாத்துலயும் ஏதாவது ஒட்டுப்போட்ட வேலை இருக்கும், ஆராய்ச்சி பண்றவங்களுக்கும் இது நல்லாத் தெரியும், அவங்க அதை ‘மாடல்’னு சொல்றாங்க, செய்தியில வரும்போதுதான் அந்த வார்த்தை காணாம போயிடுது.

சரி, எலிக்கு ஞாபகம் இருக்கா இல்லையான்னு எப்படி கேக்கறது? இதுக்கு ரிச்சர்ட் மோரிஸ்ங்கறவர் 1981ல வெளியிட்ட தண்ணித்தொட்டி சோதனைதான் இன்னைக்கு வரைக்கும் ராஜா. ஒன்றரை மீட்டர் மாதிரி அகலமான வட்டத் தொட்டி, அதுல தண்ணி, உள்ள இருக்கறது தெரியாத மாதிரி பால்பவுடரோ வெள்ளை பெயிண்டோ கலந்து கலங்கலா ஆக்கியிருப்பாங்க. தண்ணி மட்டத்துக்கு ஒண்ணு ரெண்டு சென்டிமீட்டர் கீழ ஒரு சின்ன மேடை, மேல பார்த்தா தெரியாது. சுவத்துல வட்டம், முக்கோணம்னு பெரிய படங்கள் ஒட்டியிருக்கும், எலிக்கு வழி காட்டறது அதுகதான். எலிக்கு நல்லா நீந்தத் தெரியும், ஆனா தண்ணியில இருக்கப் பிடிக்காது. முதல் நாள் விட்டா சுவரை ஒட்டியே சுத்திச் சுத்தி வரும், நேரம் முடிஞ்சும் கண்டுபிடிக்கலைன்னா கையைப் பிடிச்சு கூட்டிட்டுப் போற மாதிரி மேடை மேல கொண்டுபோய் விட்டு கொஞ்ச நேரம் சுத்திப் பார்க்க விடுவாங்க. ஒரு நாளைக்கு நாலு தடவை, நாலஞ்சு நாள். நல்ல எலி கடைசி நாள்ல எந்தப் பக்கம் இறக்கி விட்டாலும் நேரா அந்த இடத்துக்கு நீந்திடும். அதுக்கப்பறம் மேடையை எடுத்துட்டு எலியை விடுவாங்க, இதுதான் உண்மையான பரீட்சை. தொட்டியை மனசுல நாலா பிரிச்சா சும்மா அலையற எலி ஒவ்வொரு பகுதியிலயும் கால்வாசி நேரம் இருக்கும், ஞாபகம் இருக்கற எலி மேடை இருந்த பகுதியையே சுத்திச் சுத்தி வந்து ‘இங்கதானே இருந்துச்சு’ங்கற மாதிரி தேடும்.

அழகான சோதனை, ஆனா ஏமாத்தும். மேடையைச் சீக்கிரம் அடைஞ்சதுக்கு எலி வேகமா நீந்தினதுகூட காரணமா இருக்கலாம், அதனால நீச்சல் வேகத்தை தனியா காட்டணும். கண்ணு தெரியாத எலி படத்தைப் பார்க்காது, சில ஆய்வக சுண்டெலி இனங்களுக்கு விழித்திரையே கெட்டுப்போற மரபணு இருக்கு, அதனால மேடை மேல கொடி நட்டு ‘தெரியற மேடை’ சோதனையும் வைக்கணும். நல்ல கட்டுரைன்னா இந்த ரெண்டும் உள்ள இருக்கும்.

மத்த சோதனைகள்ல ஒண்ணே ஒண்ணு சொல்லிடறேன், தாவரச் சாறு ஆய்வுகள்ல அது அடிக்கடி வரும். வெளிச்சமான அறை, பக்கத்துல இருட்டு அறை. எலிக்கு இருட்டு பிடிக்கும், உள்ள போனதும் கால்ல லேசா ஷாக். மறுநாள் வெளிச்சத்துல விட்டா எவ்வளவு நேரம் உள்ள போகாம தயங்கி நிக்குதோ அவ்வளவு ஞாபகம்னு கணக்கு. இதுல பாருங்க, அந்தச் சாறுக்கு தூக்கம் வரவைக்கற குணம் இருந்தாலும் எலி நகராம உக்காந்திருக்கும், அதுவும் ‘ஞாபகம் கூடிருச்சு’ன்னுதான் எண்ணுல வரும். ஒரே ஒரு சோதனையை மட்டும் வச்சு முடிவு சொன்ன கட்டுரைனா நான் பாதி நம்பிக்கையோடதான் படிப்பேன்.

இனி ‘எப்போ’ங்கற விஷயம். சாதாரணமா இந்த ஆய்வுகள் எப்படி ஓடும்னா, எலிகளை நாலஞ்சு குழுவா பிரிப்பாங்க, ஒரு குழுவுல ஆறிலிருந்து பத்து எலி. ஒரு குழு நல்லா இருக்கற எலி, ஒண்ணு நோய் மட்டும், ஒண்ணு ரெண்டு குழுவுக்கு நோயும் சாறும் வேற வேற டோஸ்ல, ஒண்ணுக்கு டோனெபெசில் மாதிரி ஏற்கனவே இருக்கற மருந்து. சாறை முதல் நாள்லேர்ந்தே வாய் வழியா குடுத்துட்டு வருவாங்க, ஒரு வாரமோ ரெண்டு வாரமோ கழிச்சுத்தான் மூளையில அந்த விஷத்தை ஏத்துவாங்க, அதுக்கப்பறமும் சாறு தொடரும், கடைசியில தண்ணித்தொட்டி, அப்பறம் எலியைக் கொன்னு மூளையை அரைச்சு அளவு பார்ப்பாங்க. கொழுப்பு சேதத்துக்கு தயோபார்பிட்யூரிக் அமிலம் சேர்த்து சூடு பண்ணினா ரோஸ் கலர் வரும், ரோஸ் கூடக்கூட சேதம் அதிகம், எம்டிஏ கூடுச்சு குறைஞ்சுதுன்னு எழுதறது பெரும்பாலும் இந்த ரோஸ் கலரைத்தான். பாதுகாப்பு என்சைம் கூடியிருக்கும், ரோஸ் கலர் குறைஞ்சிருக்கும், எலி மேடையைச் சீக்கிரம் கண்டுபிடிச்சிருக்கும், கட்டுரை முடிஞ்சுது.

இதுல அடி விழறதுக்கு முன்னாடியே கவசம் போட்டாச்சு. வரப்போற சேதத்தை இந்தப் பொருள் குறைக்குமான்னு கேட்ட கேள்விக்கு அது சரியான பதில். மனுஷங்க விஷயத்துல நாம கேக்கற கேள்வி வேற: அறிகுறி தெரிஞ்சு டாக்டர்கிட்ட போறதுக்கு 15, 20 வருஷம் முன்னாடியே மூளையில அமிலாய்ட் சேர ஆரம்பிச்சிருக்கும், நோய்னு தெரியும்போது ஏகப்பட்ட நரம்பு போயிருக்கும், அதுக்கப்பறம் குடுத்தா என்ன ஆகும்? எலியிலயே இதுக்கு ஒரு தெளிவான விடை இருக்கு. 2004ல டிஜி2576 சுண்டெலிக்கு வைட்டமின் ஈ குடுத்துப் பார்த்தாங்க, தாவர எண்ணெய்கள்ல இருக்கற அதே ஆன்டிஆக்ஸிடன்ட்தான். பிளாக் வர்றதுக்கு முன்னாடி இளவயசுல ஆரம்பிச்ச குழுவுக்கு அமிலாய்ட் குறைஞ்சுது, பிளாக் வந்தப்பறம் ஆரம்பிச்ச குழுவுக்கு ஆக்ஸிடேட்டிவ் சேதம் மட்டும் குறைஞ்சுது, அமிலாய்ட் குறையல. அதே இனம், அதே பொருள், ஆரம்பிச்ச தேதி மட்டும் வேற. இவ்வளவு பேசப்படற துறையில இந்த ஆய்வை யாரும் பெருசா கண்டுக்காதது எனக்கு எப்பவும் வருத்தம்தான்.

தாவரப் பொருள் ஆய்வுகள் எல்லாமே மட்டம்னு நினைச்சுடாதீங்க, சிலது ரொம்ப சுவாரசியமானது. 2001ல டிஜி2576க்கு தீவனத்துல குர்க்குமின் கலந்து ஆறு மாசம் குடுத்தாங்க, கம்மி டோஸ் அதாவது பத்து லட்சத்துல 160 பங்கு குடுத்த குழுவுக்கு பிளாக் கிட்டத்தட்ட பாதியா குறைஞ்சுது, 5000 பங்கு குடுத்த குழுவுக்கு அப்படிக் குறையல. நிறைய போட்டா நிறைய பலன்னு கணக்குப் போடறவங்க இதைப் பார்க்கணும். 2003ல ஏபிபி பிஎஸ்1ங்கற இன்னொரு மரபணு மாத்தின சுண்டெலிக்கு சின்ன வயசுலேர்ந்து புளூபெர்ரி கலந்த தீவனம் குடுத்தாங்க, ஞாபக சோதனையில மறதியே தெரியல, ஆனா மூளையைப் பார்த்தா பிளாக் அப்படியே இருக்கு! அப்போ அது பிளாக்கைத் தொடாம வேற வழியில, நரம்புகளுக்குள்ள போற சிக்னல் வழியா உதவியிருக்கணும். 2012ல இந்தியாவுல தேசிய மூளை ஆராய்ச்சி மையம் பண்ணின ஆய்வு இன்னும் விசித்திரம். வயசான, ஏற்கனவே நோய் முத்தின சுண்டெலிக்கு அமுக்கிரா கிழங்குச் சாறு ஒரு மாசம் குடுத்ததுல மறதியும் குறைஞ்சுது, அமிலாய்டும் குறைஞ்சுது, ஆனா காரணம் கல்லீரல்ல இருந்துச்சு. கல்லீரல்ல எல்ஆர்பிங்கற புரதம் கூடி ரத்தத்துல இருக்கற அமிலாய்டை இழுத்து எடுக்க, மூளையிலேர்ந்து அது வெளிய வழிஞ்சு வந்துருக்கு. மூலிகைனா ஆன்டிஆக்ஸிடன்ட்னு கண்ணை மூடிட்டு லேபிள் ஒட்டக்கூடாதுங்கறதுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியல.

மனுஷங்கள்ட்ட என்ன ஆச்சு? ஜின்க்கோங்கற மரத்தோட இலைச்சாறை அமெரிக்காவுல 75 வயசுக்கு மேல இருந்த 3069 பேருக்கு தினம் ரெண்டு வேளை 120 மில்லிகிராம்னு சராசரியா ஆறு வருஷம் குடுத்தோ, போலி மாத்திரை குடுத்தோ பார்த்தாங்க, 2008ல முடிவு வந்துச்சு, டிமென்ஷியா வர்றது குறையல. ரெஸ்வெரட்ரால் 2015ல, 119 பேர், ஒரு வருஷம், டோஸ் ஏத்தி ஏத்தி தினம் 2 கிராம் வரைக்கும்: பாதுகாப்பா இருந்துச்சு, சில அளவுகள் மாறுச்சு, ஆனா மூளை சுருங்கறது அந்தக் குழுவுல அதிகமா தெரிஞ்சுது, அதுக்கு என்ன அர்த்தம்னு பல விளக்கம் சொல்றாங்க. குர்க்குமின் அல்சைமர் நோயாளிகள்கிட்ட எடுபடல, ஆனா 2018ல டிமென்ஷியா இல்லாத 40 பேர்கிட்ட நல்லா உறிஞ்சற மாதிரி தயாரிச்ச குர்க்குமினை 18 மாசம் குடுத்தப்போ ஞாபக சோதனையில முன்னேற்றம் தெரிஞ்சுது. இங்கயும் முன்னாடி குடுத்தப்போதான் ஏதோ தெரிஞ்சுதுன்னு சொல்லத் தோணும், ஆனா 40 பேர்ங்கறது ரொம்பச் சின்ன கூட்டம். வைட்டமின் ஈ அதிக டோஸ்ல, 2014ல 613 பேர்கிட்ட, அன்றாட வேலைகளைத் தானா செஞ்சுக்கற திறன் குறையற வேகத்தைக் கொஞ்சம் மட்டுப்படுத்துச்சு, ஞாபக மார்க்ல வித்தியாசம் காட்டல.

இதுல என்னை யோசிக்க வச்சது 2012ல வந்த ஒரு சின்ன ஆய்வு. அல்சைமர் நோயாளிகளுக்கு வைட்டமின் ஈ, வைட்டமின் சி, ஆல்ஃபா லிப்போயிக் ஆசிட் மூணையும் சேர்த்து 16 வாரம் குடுத்து முதுகுத்தண்டு நீரை எடுத்துப் பார்த்தாங்க. ஆக்ஸிடேட்டிவ் சேதத்தோட அடையாளம் 19 சதவீதம் குறைஞ்சுது, அதாவது ஆன்டிஆக்ஸிடன்ட் தன்னோட வேலையைச் செஞ்சுது. அமிலாய்ட், டௌ அளவு அசையல. ஞாபக மார்க்? அந்தக் குழுவுக்கு இன்னும் வேகமா இறங்குச்சு. எலிக் கட்டுரையில ‘எம்டிஏ குறைஞ்சுது, அதனால ஞாபகம் கூடுச்சு’ன்னு ரெண்டையும் ஒரே மூச்சுல எழுதறாங்களே, அந்த ‘அதனால’ மனுஷங்கள்ட்ட நிக்கலைங்கறதுதான் இதுலேர்ந்து தெரியுது.

டோஸ் கணக்கும் ஒரு தடவை போட்டுப் பார்த்துடுங்க. எலிக்கு கிலோவுக்கு 200 மில்லிகிராம்னு எழுதியிருந்தா அதை அப்படியே நம்ம எடையால பெருக்கக் கூடாது, சின்ன மிருகத்துக்கு உடம்புல எல்லாம் வேகமா ஓடும், அதனால எலி டோஸை 6.2 ஆல வகுக்கணும், சுண்டெலின்னா 12.3. அப்போ எலியோட 200 நமக்கு கிலோவுக்கு சுமார் 32, 60 கிலோ ஆளுக்கு தினம் கிட்டத்தட்ட 2 கிராம் காய்ச்சி வடிச்ச சாறு. இலையோ பொடியோ இல்ல, சாறு. அதுவும் எலிக்கு வாய் வழியா குடுக்காம வயித்துல ஊசி போட்டிருந்தாங்கன்னா இந்தக் கணக்கும் உதவாது. குடல்ல உறிஞ்சறதே பெரிய தடைங்கறதுக்கு குர்க்குமினே சாட்சி, 2 கிராம் விழுங்கினவங்க ரத்தத்துல கிட்டத்தட்ட ஒண்ணுமே தெரியல, கல்லீரல் அதைப் பிடிச்சு மாத்தி வெளிய தள்ளிடுது. கூட 20 மில்லிகிராம் பைப்பெரின், அதாவது மிளகுல இருக்கற காரப்பொருள், சேர்த்தா 2000 சதவீதம் கூடுதுன்னு 1998ல காட்டினாங்க, அந்த நம்பர்தான் எல்லா பாட்டில் மேலயும் இருக்கு, கிட்டத்தட்ட பூஜ்யத்தோட இருபது மடங்குங்கறதை யாரும் எழுதறதில்ல.

இன்னொரு விஷயம், மார்க் போடறவருக்கு எந்த எலி எந்தக் குழுன்னு தெரியக்கூடாது, எலியைக் குழுவுல போடறது குலுக்கல் முறையில இருக்கணும். இதையெல்லாம் கட்டாயம் எழுதுங்கன்னு 2010ல அரைவ்னு ஒரு வழிகாட்டி வந்துச்சு, இன்னும் நிறைய கட்டுரையில அந்த வரிகளே இருக்காது. பலன் தெரியாத ஆய்வுகள் அச்சுக்கே வராம டிராயர்ல தூங்கறதும் உண்டு, அதனாலதான் தேடிப் பார்த்தா உலகத்துல இருக்கற எல்லா செடியும் எலிக்கு ஞாபகம் கூட்டற மாதிரி தெரியும்.

தாவரத்துலேர்ந்து அல்சைமருக்கு மருந்தே வரலையான்னா வந்திருக்கு. கேலன்டமைன் ஸ்னோடிராப்ங்கற பூச்செடி குடும்பத்துலேர்ந்து வந்தது, நோயை நிறுத்தாது, ஆனா சிலருக்கு அறிகுறியைக் கொஞ்ச காலம் குறைக்கும், டாக்டர்கள் இன்னைக்கும் எழுதிக் குடுக்கறாங்க. அது வேலை செய்யறது அசிடைல்கோலின் வழியா, ஆன்டிஆக்ஸிடன்ட்டா இல்ல. செடியிலேர்ந்து ஒரே ஒரு மூலக்கூறைப் பிரிச்சு, டோஸ் நிர்ணயிச்சு, மனுஷங்கள்ட்ட சோதிச்சு வந்ததால அது மருந்து ஆச்சு.

இதைப் படிச்சுட்டு வீட்டுல யாருக்காவது சப்ளிமென்ட் வாங்கலாமான்னு யோசிக்கறவங்களுக்கு: எலி ஆய்வுல அந்த எலி வேற எந்த மாத்திரையும் சாப்பிடாது, வயசானவங்க அப்படி இல்ல. குர்க்குமினை கல்லீரல் வெளிய தள்ளாம பைப்பெரின் தடுக்குதுல்ல, அதே மாதிரி வேற மாத்திரைகளையும் தடுத்து ரத்தத்துல அளவை ஏத்தி விடலாம். ஜின்க்கோவை ரத்தம் உறையாம இருக்கறதுக்கான மருந்தோட சேர்த்து எடுத்தா ரத்தக்கசிவு பயம் இருக்கு. அதிக உறிஞ்சல் வகை மஞ்சள் சப்ளிமென்ட் சாப்பிட்டு கல்லீரல் பாதிச்ச கேஸ்களும் மருத்துவ இதழ்கள்ல பதிவாகியிருக்கு. அதனால ஏற்கனவே மாத்திரை எடுத்துட்டு இருக்கறவங்கன்னா பாட்டிலையே கையில எடுத்துட்டுப் போய் டாக்டர்கிட்ட காட்டிட்டு அப்பறம் ஆரம்பிங்க.